கான் ஓரத்துப் பொப்பி

எங்கள் லயத்துக்குப் பின்புறம் ஒரு கான் இருந்தது. துரை பங்களா மேட்டில் தொடங்கி, தேயிலை நிரைகளுக்குள் புகுந்து, பீலிக்கரையை ஒட்டி வளைந்து, கீழே ஆற்றில் போய் விழும். தீபாவளி மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது கான் வெட்டு நடக்கும். ஆம்பிளையாட்கள் மண்வெட்டியோடு இறங்கி, மழை கொண்டுவந்து அடைத்த மண்ணை வாரி இரு கரையிலும் எறிவார்கள். அந்தக் கருமண் பத்துப் பதினைந்து நாள் வெறுமனே கிடக்கும். அப்புறம் ஒரு விடியலில், மார்கழி பஜனை முடிந்து திரும்பும் வழியில், அப்பாயி கான் கரையில் குந்திவிடுவாள். கையிலிருக்கும் லாந்தரை மண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவாள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஊசிமுனை அளவில் பச்சைப் புள்ளிகள் கரை நெடுகத் தெரியும்.

"தலகுனிஞ்சான் வந்துட்டான் புள்ள. புல்லு வெட்ட வர்றவுககிட்ட சொல்லி வைக்கணும், சுரண்டியப் போட்டுறப் போறாக."

கான் கரையில் அந்தப் பூவை யாரும் விதைத்ததில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. வருடா வருடம் அது தானாக வந்தது. பங்களாவில் அதற்குப் பொப்பி என்று பெயர். தலகுனிஞ்சான் என்பது அப்பாயி வைத்த பெயர். மொட்டைப் பார்த்து வைத்தாள். மயிர் முளைத்த மெல்லிய தண்டின் நுனியில் மொட்டு, கூடை சுமந்தவள் கழுத்தைப்போல, மண்ணைப் பார்த்து வளைந்தே இருக்கும். பூக்கிற அன்றைக்குத் தண்டு மெல்ல நிமிரும். மொட்டை மூடியிருக்கும் இரண்டு பச்சை ஓடுகளும் கழன்று கீழே விழும். உள்ளேயிருந்து நான்கு சிவப்பு இதழ்கள், பெட்டியில் மடித்துவைத்துப் பல நாள் கழித்து எடுத்த பட்டுச்சீலைபோல, சுருக்கத்தோடு விரியும். வெயில் பட்டதும் சுருக்கம் போய்விடும். மறுநாள், மிஞ்சினால் அதற்கடுத்த நாள், இதழ்கள் உதிர்ந்துவிடும். ஒரு பூவின் ஆயுள் அவ்வளவுதான். ஆனால் அடுத்த மொட்டு அதற்குள் நிமிரத் தொடங்கியிருக்கும்.

மாசியில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றும்போது மொட்டு. காமன் எரிக்கும்போது பூ. அப்படித்தான் எங்களுக்குக் கணக்கு. காமன் பொட்டலில் தப்பு முழங்கும் இராத்திரிகளில், பிள்ளைகள் நாங்கள் கான் கரையில் நின்று, நிலா வெளிச்சத்தில் அந்தப் பூக்கள் கறுப்பாகத் தெரிவதைப் பார்ப்போம். இதழ்களை மாலையாகக் கட்ட முடியாது. தொட்டால் உதிரும். "அத அதும்பாட்டுக்கு வுடு" என்று அப்பாயி அதட்டுவாள். பறித்துச் சாமிக்கு வைக்க முடியாத பூவையும் அவள் பூவாக மதித்தாள்.

அக்கரப்பத்தனையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தலவாக்கலையில் கோச்சியை விட்டு இறங்கி, லிந்துலை, நாகசேனை தாண்டி டயகமப் பக்கம் ஏறும் பஸ்ஸில் போனால் அந்த மலை வரும். பத்தனை என்றால் புல்வெளி. தேயிலை வருவதற்கு முன்னால் அந்தச் சரிவுகள் புல் மூடிக் கிடந்ததைப் பெயர் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது. டயகமவுக்கு மேலே காட்டைக் கடந்தால் ஹோர்ட்டன் சமவெளி. தோட்டங்களின் பெயர்களைச் சொன்னால் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் காதில் விழும்: பெல்மோரல், கிளாஸ்கோ, டொரிங்டன், ஹோல்புறூக், வேவர்லி. துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து எங்கள் மலைகளுக்கு வைத்தார்கள். தங்கள் ஊர்ப் பூக்களைக் கொண்டுவந்து பங்களா வாசலில் விதைத்தார்கள். குளிர் அவர்களுக்குத் தோதாக இருந்தது. அந்தப் பூக்களுக்கும் தோதாக இருந்தது.

பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்த தாத்தா எங்கள் லயத்தில்தான் இருந்தார். பொப்பி வந்த கதையை அவர்தான் சொல்வார். சீமையிலிருந்து கப்பலில் விதைப் பொட்டலங்கள் வரும். பொட்டலத்தின்மேல் பூவின் படம் இருக்கும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு விருந்தாளிகள் வந்து குவிவதற்கு முன்னால் பங்களா வாசல் பூத்துக் குலுங்கியாக வேண்டும் என்பது துரைசாணியின் கட்டளை. ரோஸ், வெள்ளை, சிவப்பில் வெள்ளைக் கரை போட்டது என்று பொப்பியே பல வகை. அவற்றை ஷேர்லி பொப்பி என்பார்கள் என்று பின்னாளில் படித்தேன். 1880ஆம் ஆண்டளவில் லண்டனுக்குத் தெற்கே ஷேர்லி என்ற ஊரில் பாதிரியாராக இருந்த வில்லியம் வில்க்ஸ், தன் தோட்டத்து மூலையில் காட்டுப் பொப்பிகளுக்கு நடுவே வெள்ளைக் கரையோடு ஒரே ஒரு பூ நிற்பதைக் கண்டார். அதன் விதையை மட்டும் எடுத்து வைத்து, வருடா வருடம் தேர்ந்து தேர்ந்து விதைத்து உண்டாக்கிய இனம் அது.

தாத்தாவும் அப்படித்தான் தேர்வார். கலர் கெட்டதை விதை கட்டுமுன் பிடுங்கி எறிவார். ஆனால் மழைக்குத் தேர்வு தெரியாது. பங்களா மேட்டில் உதிர்ந்த விதைகளை வைகாசி மழை கழுவி, கானில் போட்டு, கீழே எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்தது. இங்கே தேர்ந்தெடுக்க ஆளில்லை. தானாக விழுந்து தானாக முளைத்து, சில தலைமுறைக்குள் வெள்ளைக் கரை போயிற்று, ரோஸ் போயிற்று. ஷேர்லி பொப்பியைக் கவனிக்காமல் விட்டால் பழைய காட்டுச் சிவப்புக்கே திரும்பிவிடும் என்று தோட்டக்கலைக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் கான் கரையில் நின்றது அந்தச் சிவப்புத்தான்.

அது ஏன் கான் வெட்டு முடிந்ததும் முளைத்தது என்பதற்கும் காரணம் உண்டு. பொப்பி விதை தூசியைவிடச் சற்றே பெரிது. மண்ணுக்கு அடியில் புதைந்தால் முளைக்காது, சாகவும் செய்யாது. பல பத்து வருடங்கள் உயிரோடு தூங்கும். யாராவது மண்ணைப் புரட்டி, அது மேலே வந்து, வெளிச்சம் பட்டால் விழித்துக்கொள்ளும். முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் குண்டுகள் உழுத நிலத்தில் சிவப்புப் பொப்பி எழுந்து நின்றது இதனால்தான். அங்கே பீரங்கி செய்த வேலையை எங்கள் ஊரில் மண்வெட்டி செய்தது.

அந்தப் போரால் பொப்பிக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டாயிற்று. நவம்பர் 11ஆம் திகதி துரைமார் கோட்டில் சிவப்புத் துணிப் பூவைக் குத்திக்கொண்டு கோயிலுக்குப் போவதைத் தாத்தா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். "வாசல்ல நெசப்பூவுக்கு நாங்க தண்ணி ஊத்துவோம். அவுக துணிப்பூவக் காசு குடுத்து வாங்கிக் குத்திக்குவாக" என்பார். அந்தக் காசில் பெரும்பங்கு பிரித்தானியப் படைவீரர்களுக்கே போனது. இலங்கையிலிருந்து போருக்குப் போன உள்ளூர் வீரர்களுக்கு மிகச் சொற்பமே கிடைத்தது. அதை எதிர்த்து 1931இல் சூரியமல் இயக்கம் பிறந்தது. சூரியமல் என்பது நம் பூவரசம் பூ. பொப்பி விற்கும் அதே நாளில் தெருவில் பூவரசம் பூவை விற்று உள்ளூர் வீரர்களுக்குக் கொடுத்தார்கள். 1933இல் இளைஞர்கள் அதைக் கையிலெடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக மாற்றினார்கள். அதற்குத் தலைமை ஏற்றவர் ஆங்கிலேயப் பெண்ணான டொரீன் யங். பூக்களின் போர் என்ற தலைப்பில் அவர் பத்திரிகையில் எழுதிய கட்டுரை அந்நாளில் பெரிதாகப் பேசப்பட்டது. அந்த இயக்கத்தில் நின்றவர்களே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைக் கட்டினார்கள்.

இதையெல்லாம் ஆசிரியக் கலாசாலையில் படித்தபோது எனக்கு மனது கனத்தது. சூரியமல்லின் நியாயம் புரிந்தது, அதை இன்றும் மதிக்கிறேன். ஆனால் பூவரசு கரையோரத்து மரம். எங்கள் பனிக்கு அது வராது. எங்கள் வாசலுக்கு வந்த பூ பொப்பிதான். துரையின் கோட்டில் இருந்த பொப்பி வேறு, எங்கள் கானில் வந்த பொப்பி வேறு. மேட்டிலிருந்து தள்ளப்பட்டு, அழுக்குத் தண்ணீரோடு வந்து, எங்கள் பக்கத்தில் நின்றுகொண்ட பூ அது.

லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்கு முன்னால் இஸ்தோப்பு, இஸ்தோப்புக்கு முன்னால் வாசல். வாசலில் நாலு முழம் மண் கிடைத்தால் அதில் கோவாவோ கிழங்கோ போஞ்சியோ போட வேண்டும். வயிறு அப்படி. அப்பாயி மட்டும் அந்த நாலு முழத்தில் ஒரு முழத்தைப் பூவுக்கு விட்டாள். கான் கரையில் முற்றிய காய்களைச் சித்திரையில் பறித்து வருவாள். பூ உதிர்ந்த இடத்தில் நிற்கும் காய் ஒரு குட்டிக் குடம். தட்டையான மூடி. மூடியின் விளிம்புக்குக் கீழே சுற்றிவரத் துளைகள். காதுக்கருகே வைத்து ஆட்டினால் சலசலக்கும். கவிழ்த்தால் துளை வழியே விதை கொட்டும். அதை அடுப்புச் சாம்பலில் கலந்து தகர டப்பாவில் வைப்பாள். மார்கழியில் மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, திருநீறு தூவுவதுபோல விரல் நுனியால் தூவுவாள். சாம்பல் விழுந்த இடம் வெள்ளையாகத் தெரிவதால் விதை ஒரே இடத்தில் கும்பலாக விழாது. மேலே மண் மூட மாட்டாள். கையால் தட்டிவிடுவாள், அவ்வளவே.

தை மாதத்துப் பனியை நினைத்தால் இப்போதும் விரல் விறைக்கிறது. ஓர் ஆண்டு விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல வெள்ளை. வெயில் ஏறியதும் பள்ளத்துத் தேயிலை செம்பு நிறமாகக் கருகிவிட்டது. வாசலில் கிழங்குச் செடி வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு கிடந்தது. அம்மா இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கிழங்குதான் பங்குனி வரைக்கும் எங்கள் கறி. பொப்பி இலைகளின் ஓரத்திலும் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. மத்தியானம் போய்ப் பார்த்தேன். பனி கரைந்து, இலை அப்படியே பச்சையாக, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. குளிர் அதன் சொந்தக்காரன்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு காரியம் செய்தேன். கான் கரையில் நன்றாக வளர்ந்த ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, பால்மா டின்னில் நட்டு, இஸ்தோப்பில் கொண்டுவந்து வைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். கம்பளியால் மூடிக்கூட வைத்தேன். மூன்றாம் நாள் செடி சாய்ந்துவிட்டது. அழுதுகொண்டு நின்ற என்னைக் கூப்பிட்டு, அப்பாயி அந்தச் செடியை உருவிக் காட்டினாள். கீழே ஒரே ஒரு வேர், எலிவால்போல நீளமாக இருந்தது. நுனி அறுந்திருந்தது.

"இதுக்கு ஒத்த வேரு ஆயி. அறுந்தா அறுந்ததுதான். இதப் புடுங்கி நட முடியாது. வேணுமுன்னா வெதையாக் கொண்டு போ."

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, இந்தியாவுக்குப் புறப்படச் சொல்லும் துண்டு எங்கள் அத்தைக்கு வந்தது. 1964 ஒக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தின்படி வந்த துண்டு அது. ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். மாமா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அப்பாயி இலங்கைக்கு எழுதியிருந்தாள். அத்தை பிறந்தது எங்கள் லயத்துக் காம்பராவில். இந்தியாவை அவள் பார்த்ததில்லை. தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சி நின்ற அந்தச் சில நிமிடங்களை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் அந்த அழுகை எழுத்தில் வராது. தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரத்தில் கரை, மண்டபம் முகாமில் சில வாரம், பிறகு நீலகிரி. கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. இங்கே அவளை இந்தியாக்காரி என்றார்கள். அங்கே போனதும் சிலோன்காரி என்றார்கள்.

முதல் கடிதம் நாலைந்து மாதம் கழித்து வந்தது. நான்தான் அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். மண்டபம், வெயில், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று பலதும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு சேதி இருந்தது. புறப்படும்போது அப்பாயி கொடுத்த திருநீற்றுப் பையைச் சோதனை போட்டவர்கள் பிரித்துப் பார்த்தார்களாம். சாம்பல்தானே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். கோத்தகிரியில் வீட்டு வாசலில் மண்ணைக் கொத்தி, அந்தத் திருநீற்றை அப்படியே தூவியிருக்கிறாள். அப்பாயி சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் அந்தப் பையில் சாம்பலோடு எதைக் கலந்தாள் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது.

அடுத்த ஆண்டு இன்னொரு கடிதம். "அம்மா, தலகுனிஞ்சான் நல்லாப் பூத்துருக்கு. புள்ளைகளும் நல்லா இருக்குதுக, பள்ளிக்கூடம் போவுதுக. எனக்குத்தான் இந்தத் தண்ணி ஒத்துக்கல." அதற்குப் பிறகு மூன்று கடிதம் வந்தது. நான்காவது கடிதத்தை மாமா எழுதியிருந்தார். அத்தைக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அப்பாயி வாசலில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. "ஒத்த வேரு" என்று மட்டும் சொன்னாள்.

துரைமார் 1970களில் போய்விட்டார்கள். தோட்டங்கள் அரசாங்கத்துக்கு வந்தன. பங்களா வாசலுக்குப் பூ விதைகள் வருவது நின்றது. பூந்தோட்டத் தாத்தா போனார், அப்பாயி போனாள். நான் படித்து, ஆசிரியையாகி, பல மலைகளில் வேலை பார்த்து, இப்போது வத்தளையில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே சாடியில் பொப்பி விதை போட்டுப் பார்த்தேன். முளைத்தது. நாலு இலை விட்டது. கடற்கரை வெக்கை அதை வளரவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அக்கரப்பத்தனைக்குப் போனேன். வேண்டுமென்றே மாசியில் போனேன். லயத்தின் பாதி இடிந்து கிடந்தது. மீதியில் ஆட்கள் இருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்பியிருந்தன. அதைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நூற்றைம்பது வருடம் காத்திருந்து கிடைத்த மண் அது. கானைத் தேடிப் பின்புறம் போனேன். கான் இருந்தது. இரு கரையும் மருந்தடித்துப் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. சுரண்டிக்குக் கண் உண்டு. சொன்னால் விலகிப் போகும். மருந்துக்கு அது தெரியாது. பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "தலகுனிஞ்சானா? அது எந்தக் காலத்துக் கத தாயி. மருந்து அடிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து கண்ணுல காணல" என்றாள்.

வத்தளைக்குத் திரும்பிய மறு மாதம், அத்தையின் பேரன் கோத்தகிரியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். சிமெந்து வாசல், ஓரத்தில் ஒரு முழ மண், அதில் ஏழெட்டுச் சிவப்புப் பூக்கள். பக்கத்தில் ஒரு மொட்டு இன்னும் குனிந்தபடி நிற்கிறது. "பாட்டி கொண்டுவந்த பூவாம், வருஷா வருஷம் தானா வருது, பேர் தெரியல" என்று எழுதியிருந்தான். பெயரை எழுதி அனுப்பினேன்.

இதை வாசிக்கும் அக்கரப்பத்தனைப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச்சில் ஒரு முழத்தை இந்த மார்கழியில் கொத்திப் புரட்டி, வெயில் படும்படி விட்டுவையுங்கள். மருந்து அடிக்காதீர்கள். மேலே மண் மூடாதீர்கள். பழைய கான் கரை மண் கிடைத்தால் ஒரு கூடை வாரிக் கொட்டுங்கள். எங்கள் காலத்தில் விழுந்த விதைகள் அந்த மண்ணுக்குள் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். பதினைந்து நாள் கழித்து, விடியலில் குனிந்து பாருங்கள். ஊசிமுனைப் பச்சை தெரிந்தால், அது முளைத்த இடத்திலேயே இருக்கட்டும். பிடுங்கி நட்டால் அது பிழைக்காது.